குக்கிராமத்துக்குத் தனி மக்கள்தொகை எண் எங்கே கிடைக்கும்? (கொல்லிமலை, வாழவந்தி நாடு ஊராட்சிச் சிற்றூர் ஒன்று)

பதிவு 1 – சாமைக்காடு

ஊர்ப் பக்கம் ஒன்று எழுத வேண்டும். "புவியியல்", "மக்கள்தொகை" என்று இரண்டே தலைப்பு. அதே விவரத்தைச் சாலை கேட்டுக் கொடுக்கும் மனுவிலும் இணைக்கப் போகிறோம். ஊர் கொல்லிமலையின் செம்மேட்டிலிருந்து தள்ளி, வாழவந்தி நாடு ஊராட்சிக்குள் இருக்கும் சிறிய பட்டி. 2011 கணக்கெடுப்புப் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. வாக்காளர் பட்டியலில் ஒரு எண், குடிநீர்த் திட்டத் தளத்தில் ஒரு எண், ஒரு வரைபடச் செயலியில் வேறொரு எண். எதைப் போடுவது? கடல் மட்ட உயரமும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதிவு 2 – கணக்குநோட்டு

பெயர் இல்லாததில் வியப்பு ஒன்றுமில்லை. இந்தியக் கணக்கெடுப்பு கிராமம் என்று எடுத்துக்கொள்வது வருவாய்க் கிராமத்தை மட்டும்தான்: அளந்து எல்லை போட்டு, கிராமக் கணக்கு வைத்திருக்கும் நிலப்பரப்பு. அதற்குள் பத்து பட்டி இருந்தாலும் பட்டியலில் ஒரே வரிதான். தமிழ்நாட்டில் 2011-இல் வருவாய்க் கிராமங்கள் 16 ஆயிரத்தை ஒட்டி இருந்தன. ஊரக வளர்ச்சித் துறை கணக்கில் குக்கிராமங்கள் ஏறக்குறைய 79 ஆயிரம். அதாவது சராசரியாக ஐந்து ஊருக்கு ஒரு வரி. கொல்லிமலையில் இது இன்னும் கூடுதல். அங்கே அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று "நாடு"தான் கிராமம். நாட்டுக்குள்தான் பட்டிகள். நீலகிரியில் ஹட்டிகளுக்கும் (படுகர் ஊர்கள்) இதே கதிதான்.

இணையத்தில் "இவ்வூரின் மக்கள்தொகை இத்தனை ஆயிரம்" என்று ஒரு பட்டிக்குப் போட்டிருந்தால், பத்தில் ஒன்பது முறை அது தாய்க்கிராமத்தின் (பட்டி அடங்கியுள்ள வருவாய்க் கிராமத்தின்) எண். இரண்டையும் கலக்காமல் எழுதினாலே பாதி வேலை முடிந்தது.

தேடும்போது இடறும் இடங்கள்:

2011 பட்டியலில் கொல்லிமலை வட்டம் என்று தேடாதீர்கள். அப்போது நாமக்கல் மாவட்டத்தில் நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்தி வேலூர் என நான்கே வட்டங்கள். மலை முழுக்க நாமக்கல் வட்டத்தில் இருந்தது. மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டில் பார்த்தால் ஊராட்சி ஒன்றிய வாரியாக இருக்கும், அங்கே கொல்லிமலை ஒன்றியம் என்று தேடலாம்.

1991 வேண்டுமென்றால் சேலம் மாவட்டப் புத்தகம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல்.

பட்டியல் ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருப்பதால் "வாழவந்தி"யின் ழகரம் எல் ஆகியிருக்கும், "நாடு" ஒட்டியும் ஒட்டாமலும் வரும். பெயரை நம்பாமல் ஆறு இலக்கக் கிராமக் குறியீட்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை தேட அதுதான் பிடிமானம்.

பதிவு 3 – வரைபடப்பித்தன்

கணக்கெடுப்பு வட்டாரத்துக்கு ஒரு கணக்கெடுப்பாளர் போகிறார் அல்லவா, அந்த வட்டார எண் கிடைத்தால் பட்டி எண் வந்துவிடுமே? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால்?

பதிவு 4 – கணக்குநோட்டு

வராது. 2011-இல் ஒரு கணக்கெடுப்பு வட்டாரம் ஏறத்தாழ 650 பேரை வைத்து வகுக்கப்பட்டது. சிறிய பட்டி தனி வட்டாரம் ஆகாது. பக்கத்துப் பட்டிகளோடு சேர்ந்துதான் ஒரு வட்டாரம். பெரிய ஊர் இரண்டு மூன்றாக உடைந்திருக்கும். வட்டார எண்கள் வெளியிடப்படுவதும் இல்லை. வீட்டு வீட்டுப் படிவத்தைக் கேட்டால் 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்: தனிநபர் விவரத்தை யாரும் பார்வையிட முடியாது.

எனவே பட்டிக்கு நீங்கள் தரும் எந்த எண்ணும் மதிப்பீடாக இருக்கும், அல்லது ஊரே எண்ணிய எண்ணாக இருக்கும். எது என்பதை எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

பதிவு 5 – ஏரிக்கரையான்

மதிப்பீட்டுக்கு எளிய வழி: வாக்காளர் பட்டியலில் ஒவ்வொரு பாகத்துக்குள்ளும் பிரிவுகள் உண்டு. பிரிவின் பெயர் பெரும்பாலும் தெரு அல்லது பட்டியின் பெயர். அந்தப் பிரிவில் உள்ளவர்களை எண்ணி, சிறுவர்களுக்காகக் கொஞ்சம் கூட்டினால் முடிந்தது.

பதிவு 6 – கணக்குநோட்டு

"கொஞ்சம்" எவ்வளவு என்பதில்தான் எல்லாம் கெட்டுப்போகும். கட்டிக்கொடுத்த பெண் பிறந்த ஊர்ப் பட்டியலில் இருப்பாள், திருப்பூருக்குப் போன குடும்பத்தின் பெயர் இங்கேயே கிடக்கும், இறந்தவர் பெயர் நீங்காமல் இருக்கும். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் தமிழ்நாட்டில் பெயர்கள் பெருமளவு நீங்கின. அதற்கு முந்தைய பட்டியலையும் பிந்தையதையும் வைத்து "ஊர் சுருங்கிவிட்டது" என்று முடிவு கட்டினால் அபத்தம். பட்டியல்தான் சுருங்கியது.

நான் சொல்வது வீட்டு விகித முறை. வேண்டியவை மூன்று எண்கள்: தாய்க்கிராமத்தின் 2011 மக்கள்தொகை, 2011 குடும்ப எண்ணிக்கை, உங்கள் பட்டியில் ஆள் குடியிருக்கும் குடும்பங்கள். மாதிரிக்கு: கிராமத்தில் 1,840 பேர், 480 குடும்பம் என்றால் குடும்பத்துக்கு 3.83 பேர். பட்டியில் 57 குடும்பம் இருந்தால் 3.83 × 57, சுமார் 218. "ஏறத்தாழ 220 பேர் (57 குடும்பங்கள்; கிராமச் சராசரிப்படி)" என்று எழுதுங்கள். 218 என்று கடைசி இலக்கம் வரை எழுதினால் எண்ணிப் பார்த்த எண் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

சறுக்கும் இடம் அந்த 57. ஊராட்சியின் வீட்டு வரிக் கேட்புப் பதிவேட்டில் இருப்பது கட்டடம். கடையும் பூட்டிய வீடும் அதில் உண்டு, ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிவது அதில் தெரியாது. ரேஷன் கார்டை எண்ணினாலோ நேர் எதிர்: ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் இரண்டு மூன்று கார்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கணக்கெடுப்பில் குடும்பம் என்பது பொது அடுப்பு, உறவு கணக்கில் வராது. ஒரே சமையலில் சாப்பிட்டுச் சேர்ந்து வாழ்பவர்கள் ஒரு குடும்பம். அடுப்பை எண்ணுங்கள்.

பதிவு 7 – செவ்வந்தி

இந்தச் சுற்றெல்லாம் எதற்கு? கிராம சுகாதார செவிலியர் ஆண்டுதோறும் ஊர்வாரியாக மக்கள்தொகையைப் புதுப்பிக்கிறார். தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு பட்டி வாரியாக இருக்கிறது. அங்கன்வாடியில் குடும்ப ஆய்வு இருக்கிறது, பிறப்பு, இறப்பு, குடிவரவு எல்லாம் ஏறும். பெயர் விவரம் கேட்காமல் மொத்தம் மட்டும் கேட்டால் சொல்வார்கள். ஆறு வயதுக்குட்பட்டவர் எண்ணிக்கைக்கு அங்கன்வாடிக்கு மிஞ்சிய இடம் கிடையாது.

ஒரு எச்சரிக்கை: அங்கன்வாடி மையத்தின் எல்லையும் பட்டியின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மலைப்பகுதியில் 300 முதல் 800 பேருக்கு ஒரு மையம் என்பது நெறி. சிறிய பட்டிகள் இரண்டு மூன்று ஒரே மையத்தில் சேர்ந்திருக்கும். மொத்தத்தை வாங்கி வந்து ஒரு பட்டியின் தலையில் கட்டிவிடக் கூடாது. குடிநீர்த் திட்டத் தளத்தில் வரும் எண்ணிலும் இதைப் பாருங்கள். அங்கே குடியிருப்புப் பெயர் ஒன்றாக இருந்தாலும், ஒரே மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் எடுக்கும் அடுத்த பட்டியும் உள்ளே இருக்கலாம். எந்தெந்த வீட்டுக்கு இணைப்பு என்பது டேங்க் ஆபரேட்டருக்கு மனப்பாடம், அவரைக் கேட்டால் ஐந்து நிமிட வேலை.

பதிவு 8 – சாமைக்காடு

நன்றி. நாங்களே வீடு வீடாக எண்ணினால் ஏற்பார்களா? எப்படி எண்ணுவது?

பதிவு 9 – கணக்குநோட்டு

சின்ன ஊருக்கு அதுவே மேல். 60 வீட்டுக்கு இரண்டு பேர், ஒரு பகல் போதும்.

முதலில் காகிதத்தில் ஊர்ப்படம். வடக்கு எது என்று குறியுங்கள். பாதை, கோயில், தொட்டி, ஓடை முதலில்; பிறகு கட்டடங்கள். கெட்டி வீட்டுக்குச் சதுரம், கூரை வீட்டுக்கு முக்கோணம், குடியிருக்காத கட்டடத்துக்கு உள்ளே கோடு. கணக்கெடுப்பாளர்கள் போடும் குறிகளே இவை. வடமேற்கு மூலையில் 1 என்று தொடங்கி, விடாமல் எண் போட்டு, தென்கிழக்கில் முடியுங்கள். எண்ணின் போக்கை அம்புக்குறி காட்ட வேண்டும். படம் போடாமல் நேரே வீட்டுக்குள் போகிறவர்கள் காட்டோரத்து ஒற்றை வீட்டைத் தவறவிடுவார்கள், அல்லது இரண்டு வாசல் வீட்டை இரண்டாக எண்ணுவார்கள்.

அடுத்து, ஒரு தேதியை நிலைநிறுத்துங்கள். 2011-க்கு அது மார்ச் 1 நள்ளிரவு 0 மணி. பிப்ரவரி 9 முதல் 28 வரை எண்ணி, மார்ச் 1 முதல் 5 வரை மறுபடி போய் இடையில் நடந்த பிறப்பு இறப்பைத் திருத்தினார்கள். அந்த 20 நாளில் ஒரு நாளாவது ஊரில் இருந்தவர் அங்கே எண்ணப்பட்டார். முழுக்க வெளியூரில் இருந்தவர் போன இடத்தில். நீங்களும் இப்படி ஒரு விதி வையுங்கள். "வெளியூர் வேலைக்குப் போனவர்" என்று தனிப் பத்தி வைத்து, அதை மொத்தத்தில் சேர்க்காமல் பக்கத்தில் காட்டலாம். விடுதியில் படிக்கும் பிள்ளையை விடுதியில்தான் எண்ணுவார்கள், வீட்டில் சேர்த்தால் இரண்டு முறை வந்துவிடும்.

கேட்க வேண்டியது குறைவு: அடுப்புக்கு எத்தனை பேர், ஆண், பெண், 0–6 வயது, எழுதப் படிக்கத் தெரிந்தவர். பெயரோ சாதியோ எழுத வேண்டாம். பொதுவில் போடும் பக்கத்துக்கு அது தேவையில்லை.

எழுத்தறிவு விழுக்காட்டில் ஏறக்குறைய எல்லாரும் தப்புப் போடுகிறார்கள். 214 பேர், அதில் 0–6 வயது 24, எழுத்தறிந்தவர் 133 என்று வைத்துக்கொண்டால், வகுக்க வேண்டியது 190-ஆல். 70 விழுக்காடு வரும். 214-ஆல் வகுத்தால் 62 என்று எட்டுப் புள்ளி இறங்கிவிடும். பாலின விகிதம் போடவே வேண்டாம் என்பேன். 110 ஆண், 104 பெண் என்றால் ஆயிரம் ஆணுக்கு 945 பெண். இரண்டு பெண்கள் கல்யாணமாகிப் போனால் 927. ஊரில் ஒன்றும் மாறியிருக்காது, எண் மட்டும் பதறும்.

பதிவு 10 – நிலஅளவைக்காரன்

மக்கள்தொகையை விட்டுப் புவியியலுக்கு வருவோம்.

பட்டிக்குப் பரப்பளவு கிடையாது. வருவாய்க் கிராமத்தின் ஹெக்டேரால் பட்டியின் ஆட்களை வகுத்து "மக்கள் அடர்த்தி" போடுகிறார்கள், பொருளற்ற எண். நத்தத்தின் (குடியிருப்புக்கென ஒதுக்கிய நிலம்) பரப்பு வேண்டுமானால் கிடைக்கும்: 'அ' பதிவேட்டில் (கிராமத்தின் நிலப் பதிவேடு) கிராம நத்தம் என்று வகைப்பாடு உள்ள புல எண்களை (சர்வே எண்) எடுத்து, ஹெக்டேர்-ஏர் பத்தியைக் கூட்டுங்கள். 1 ஏர் என்பது 2.47 சென்ட். 'அ' பதிவேடும் புலப்படமும் அரசின் நிலப்பதிவுத் தளத்தில் புல எண் கொடுத்தால் வரும். அதே பதிவேட்டில் ஓடை, வண்டிப்பாதை, சுடுகாடு என்று புறம்போக்கு வகைகளும் இருக்கும். ஊருக்குப் பாதை உண்டா இல்லையா என்ற வழக்குக்கு முதல் சான்று அந்த வண்டிப்பாதை வரிதான். மனுவில் அந்தப் புல எண்ணைக் குறிப்பிடுங்கள்.

மலையில் ஒரு சிக்கல்: எல்லா வீடும் நத்தத்தில் இருக்காது. பட்டா நிலத்தில் கட்டிய வீடு உண்டு, காட்டோரத்தில் நிற்கும் வீடு உண்டு. "ஊரின் பரப்பு" என்று எழுதாமல் "நத்தம் இத்தனை ஏர்" என்று எழுதினால் பிழையில்லை. காப்புக்காடு வருவாய்ப் பரப்பில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே கிராமத்துக்கு இரு புத்தகத்தில் இரு பரப்பு வருவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

பதிவு 11 – வரைபடப்பித்தன்

உயரம் ஏன் ஆளுக்கு ஒன்று என்பதற்கு:

கைப்பேசி தரும் உயரம் இரண்டு வகை. சில செயலிகள் நீள்வட்டக் கோளத்திலிருந்து (பூமியின் வடிவத்துக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் மாதிரி உருவம்) அளந்ததை அப்படியே காட்டும், சில கடல் மட்டத்துக்கு மாற்றிக் காட்டும். தமிழ்நாட்டில் இரண்டுக்கும் சுமார் 90 மீட்டர் வேறுபாடு. மாற்றாத செயலி உயரத்தைக் குறைத்துத்தான் காட்டும். ஒருவர் 1,120 என்கிறார், இன்னொருவர் 1,030 என்கிறார் என்றால் இருவரும் ஒரே இடத்தில் நின்று சரியாகவே படித்திருக்கலாம்.

செயற்கைக்கோள் உயரத் தரவு 30 மீட்டர் கட்டங்களாக வரும். சமவெளியில் தொந்தரவில்லை. கொல்லிமலைச் சரிவில் ஒரு கட்டம் தள்ளினால் பத்துப் பதினைந்து மீட்டர் மாறும், மரம் அடர்ந்த இடத்தில் மர உச்சியையும் சேர்த்துச் சொல்லும். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாளில் சம உயரக் கோடு 20 மீட்டருக்கு ஒன்று. மலை பழைய எண்முறையில் 58 ஐ/7, 58 ஐ/8 தாள்களில் வரும். ஊர் எந்த இரு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறது என்று பார்த்து "சுமார் 1,100 மீட்டர்" என்று முழு எண்ணாக எழுதினால் போதும். 1,097.4 என்பதெல்லாம் பாசாங்கு.

பழைய தாளில் அட்சரேகை தீர்க்கரேகை படித்தால் ஒரு வில்லங்கம். அவை எவரெஸ்ட் நீள்வட்டம் என்ற பழைய பூமி மாதிரியின்படி வரையப்பட்டவை. இன்றைய ஜி.பி.எஸ். முறையோடு ஒப்பிட்டால் நூறு மீட்டருக்கு மேல் நகரும். ஊர் ஓடைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிடும்.

பாகை, கலை எழுதும்போது கவனம். 11 பாகை 15 கலை என்பது 11.25. 11.15 என்று எழுதினால் ஊர் தெற்கே 11 கிலோமீட்டர் இறங்கிவிடும், அதாவது மலையை விட்டே இறங்கினாலும் இறங்கும். இணையத்தில் கொல்லிமலை ஊர்கள் சில சமவெளியில் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஐயம்.

திறந்த வரைபடத்தில் (ஓபன் ஸ்ட்ரீட் மேப்) சேர்ப்பதானால் புள்ளியைக் கோயில் திடலிலோ பேருந்து நிற்கும் இடத்திலோ வையுங்கள். கிராம எல்லையின் நடுப்புள்ளியில் வைத்தால் அது காட்டுக்குள் போகும். 100–200 பேருக்குள் இருந்தால் "ஹாம்லெட்", ஓரிரு வீடு மட்டும் என்றால் தனி வீடு என்ற வகை. பெயரைத் தமிழில் தனியாகக் கொடுக்க ஓர் இடம் உண்டு, அதை வெற்றாக விடாதீர்கள்.

பதிவு 12 – ஏரிக்கரையான்

சாலைக்குத்தான் என்றால் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் மலை, பழங்குடிப் பகுதிக்கு 250 பேர் போதும். மதிப்பீடு 220 வருகிறது என்று எழுதிவைத்து வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பதிவு 13 – நிலஅளவைக்காரன்

அண்ணே, இரண்டு திருத்தம்.

ஒன்று, 250 வரம்பு எல்லாப் பழங்குடி ஊருக்கும் தானாக வராது. அதில் பழங்குடிப் பகுதி என்பது அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. பொது வரம்பு 500. மலைப்பகுதி, முன்னேற விழையும் வட்டாரம் போன்ற வேறு எந்தப் பிரிவிலாவது உங்கள் ஒன்றியம் வருகிறதா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுவிட்டு எழுதுங்கள். மிகவும் நலிந்த பழங்குடிக் குழுக்களுக்கான பி.எம். ஜன்மன் திட்டத்தின் 100 பேர் வரம்பும் இங்கே பொருந்தாது. அது தொதவர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு குழுக்களுக்கு; கொல்லிமலைப் பழங்குடியான மலையாளி (கேரளத்தவர் அல்ல) அதில் இல்லை.

இரண்டு, எண்ணை உயர்த்த வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம். அத்திட்டத்தில் குடியிருப்பு என்பது ஒரு பட்டி மட்டுமில்லை. சமவெளியில் 500 மீட்டர் சுற்றுக்குள் இருப்பவற்றையும், மலையில் 1.5 கிலோமீட்டர் பாதைத் தொலைவுக்குள் இருப்பவற்றையும் சேர்த்து ஒன்றாகக் கணக்கிடலாம். பாதைத் தொலைவு, நேர்கோடு அல்ல. உங்கள் பட்டியோடு அடுத்த இரண்டு பட்டியும் அந்த அளவுக்குள் வந்தால் மூன்றையும் கூட்டிக் காட்டுங்கள். அத்திட்டத்தின் நான்காம் கட்டத்தில் அடிப்படை ஆண்டு 2011 என்பதையும் மறக்காதீர்கள். இன்று எண்ணிய எண் துணைச் சான்றுதான்.

பதிவு 14 – செவ்வந்தி

கணக்கெடுப்புப் பட்டியலில் வரும் பழங்குடிப் பத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. மலையாளி பட்டியல் பழங்குடி என்பது பழைய சேலம், தருமபுரி, திருச்சி, ஆர்க்காடு மாவட்டங்கள், புதுக்கோட்டை என்று மாவட்டப் பெயரோடு கட்டப்பட்டது. கொல்லிமலை பழைய சேலத்தில் இருந்ததால் சேர்கிறது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் அதே மக்கள் அந்தப் பத்தியில் வர மாட்டார்கள். இரண்டு மலையின் கணக்கெடுப்பு எண்ணைப் பக்கத்தில் வைத்து "இங்கே பழங்குடி அதிகம், அங்கே இல்லை" என்று எழுதிய கட்டுரைகள் உண்டு, படித்தால் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்து வரும்.

பதிவு 15 – சாமைக்காடு

அடுத்த கணக்கெடுப்பில் பட்டிவாரியாக வருமா?

பதிவு 16 – கணக்குநோட்டு

2027 கணக்கெடுப்புக்கும் அலகு வருவாய்க் கிராமம்தான். பனி மூடும் பகுதிகள் நீங்கலாக எல்லா இடத்துக்கும் குறிப்பு நேரம் 2027 மார்ச் 1, 0 மணி. வீட்டுப் பட்டியல் பணி 2026 ஏப்ரல்–செப்டம்பர் இடைவெளியில் மாநிலம் மாநிலமாக. எல்லைகள் 2025 டிசம்பர் 31-இல் இருந்தபடி உறைந்துவிட்டன. அதற்குப் பிறகு ஊராட்சி பிரிந்தாலும் பேரூராட்சியோடு சேர்ந்தாலும் பட்டியலில் பழையபடியே வரும்.

இந்த முறை கைப்பேசிச் செயலியில் பதிவு. வீட்டுப் பட்டியல் எடுக்க வருகிறவரிடம் ஊர்க்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: முகவரியில் பட்டியின் பெயரைச் சொல்லுங்கள், "வாழவந்தி நாடு" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். காட்டோரத்து வீடுகளை முன்கூட்டியே காட்டிக்கொடுங்கள். இரு வட்டார எல்லையில் நிற்கும் வீடுதான் எப்போதும் விடுபடும். ஒருவர் மற்றவர் எண்ணியிருப்பார் என்று போய்விடுவார்.

பதிவு 17 – சாமைக்காடு

மனுவுக்கும் பக்கத்துக்கும் பொதுவாக இப்படி எழுதலாமா? எண்ணி முடித்ததும் கோடிட்ட இடத்தை நிரப்புகிறேன்.

"____ பட்டி, நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை வட்டம் வாழவந்தி நாடு ஊராட்சியைச் சேர்ந்த குக்கிராமம். கடல் மட்டத்திலிருந்து சுமார் ____ மீட்டர் உயரம். செம்மேட்டிலிருந்து ____ கி.மீ. தொலைவு. நத்தம் ____ ஏர். ____ தேதியில் ஊரார் எண்ணியபடி ____ குடும்பங்கள், ____ பேர். 2011 கணக்கெடுப்பில் இவ்வூர் தனியாகக் காட்டப்படவில்லை. வாழவந்தி நாடு வருவாய்க் கிராமத்தின் மொத்தம் ____."

பதிவு 18 – நிலஅளவைக்காரன்

நன்றாக இருக்கிறது. செம்மேட்டிலிருந்து தொலைவை "சாலை வழி இத்தனை, அதற்கு மேல் நடைபாதை இத்தனை" என்று இரண்டாகப் பிரியுங்கள். சாலை கேட்கும் மனுவில் அந்த இரண்டாவது எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஊராட்சியும் வருவாய்க் கிராமமும் ஒரே பெயரில் இருந்தாலும் எல்லை ஒன்றுதானா என்று கிராம வரைபடத்தில் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

பதிவு 19 – வரைபடப்பித்தன்

பெயர்ப்பலகையில் உள்ள எழுத்துக்கூட்டல் வேண்டாம், 'அ' பதிவேட்டிலும் வாக்காளர் பட்டியலிலும் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் இரண்டையும் போடுங்கள். இல்லாவிட்டால் மனுவில் ஒரு ஊர், பதிவேட்டில் வேறு ஊர் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.